சம்சாத் பேகத்தின் வலது முட்டி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கோவிந்தராசு நடத்தும் கம்பெனியில் ஊறுகாய் ஜாடியும் பூந்தொட்டியும் செய்கிறார்கள். அங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாக அச்சு வார்ப்பவர் சம்சாத் பேகம். ஐம்பதை நெருங்குகிற வயது. ஆலடி ரோட்டில் வீடு. கணவர் அப்துல் லத்தீப் அரபு நாட்டில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போவார். ஒரே மகள் நாஜியாவைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

அச்சு வார்ப்பது முழுக்க முழுக்கக் கைவேலை. இரண்டு பாதியாக இருக்கும் பிளாஸ்டர் அச்சைச் சேர்த்து வைத்து, பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையை இழுத்து மாட்டி இறுக்க வேண்டும். மண் கூழை ஊற்றி, ஓரம் கெட்டிப்பட்டதும் மிச்சத்தைக் கவிழ்த்து, பிறகு பட்டையைக் கழற்றி, ஈரம் காயாத ஜாடியை உடையாமல் வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது அச்சு. சம்சாத் பேகம் பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே செய்வார். பேச்சும் நிற்காது, கையும் நிற்காது.

2016இல் மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு நாள் காலையில் அந்த ரப்பர் பட்டை அவர் விரலுக்கு அடங்கவில்லை. இழுத்தால் வலி மணிக்கட்டு வரை ஏறியது. இரண்டு கையிலும் விரல்கள் சேரும் மேட்டில் வீக்கம். அந்த வருடம் ஊரில் பலருக்குச் சிக்குன்குனியா வந்திருந்தது. இவருக்கும் நாலு நாள் காய்ச்சல் அடித்திருந்ததால் எல்லாரும் அதையே சொன்னார்கள். மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். மூன்று மாதம் போய் ஆறு மாதம் ஆயிற்று. மற்றவர்களுக்குச் சரியானது; இவருக்கு மட்டும் ஆகவில்லை.

பிறகு ஊசிகள். ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு நாள் கை இலேசாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். கடைசியில் யாரோ சொல்லி, ஒரு மருந்துக்கடையில் காகிதப் பொட்டலமாகக் கட்டித் தருகிற மாத்திரைகளை வாங்கினார். பேர் இல்லை, அட்டை இல்லை. வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. அதைச் சாப்பிட்டால் வலி போயே போய்விடும். அவர் ஒன்றரை வருடம் அதைச் சாப்பிட்டார். முகம் உப்பிக்கொண்டு வந்தது, சர்க்கரை ஏறியது. நாஜியாவின் நிக்காஹ் அந்தச் சமயத்தில்தான் நடந்தது.

"கல்யாண ஆல்பத்துல பொண்ணோட அம்மா யாருன்னு யாராலயும் கண்டுபுடிக்க முடியாது. மூஞ்சி அப்பிடி இருக்குது" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஒரு வாரம் அந்தக் கடை பூட்டியிருந்தது. பொட்டலம் இல்லாத நாலாம் நாள் அவரால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. தம்மாமிலிருந்து கணவர் போனில் வேலையை விட்டுவிடச் சொன்னார்.

"வேலைய வுட்டா வலி போயிடுமா மச்சான்? வலி எதனாலன்னே இன்னும் ஒருத்தரும் சொல்லல. மொதல்ல அத தெரிஞ்சிக்கறேன்" என்றார் சம்சாத் பேகம்.

அடுத்த திங்கட்கிழமை மகளைத் துணைக்கு வரச் சொல்லி, வடலூர் வழியாகக் கடலூர் போய், அங்கிருந்து புதுச்சேரி பஸ் ஏறினார். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதில் மூட்டு நோய்க்கென்றே தனிப் பிரிவு. அங்கே இருந்த டாக்டர் பெயர் வெண்பா. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"காலையில எந்திரிச்சா கை எவ்ளோ நேரம் இறுகிப்போயி இருக்குதும்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"பத்தரை டீ வரைக்கும்."

"மணிக்கணக்குல சொல்லுங்க."

"எந்திரிக்கறது அஞ்சு மணி. கம்பெனில டீ வர்றது பத்தரை. நீங்களே பாத்துக்கோங்க."

டாக்டர் வெண்பா சிரித்துவிட்டார். பிறகு கைகுலுக்குவது போல அவர் கையைப் பிடித்து, விரல் முட்டுகளை இரண்டு பக்கமிருந்தும் மெல்ல அழுத்தினார். சம்சாத் பேகம் "யா அல்லாஹ்" என்று கத்தினார். அடுத்த கையிலும் அதே இடத்தில் அதே வலி. ஒவ்வொரு விரலாக, மணிக்கட்டு, முழங்கை, கால் விரல் என்று டாக்டர் தொட்டுத் தொட்டு ஒரு படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். ரத்தத்தில் நாலைந்து பரிசோதனை, கைக்கு எக்ஸ்ரே. மண் தூசியில் வேலை பார்க்கிறவர் என்று தெரிந்ததும் நெஞ்சுக்கும் ஓர் எக்ஸ்ரே.

மறு வாரம் முடிவுகள் வந்தன.

"சிக்குன்குனியா இல்லம்மா. இது முடக்குவாதம். நம்ம ஊர்ல சரவாங்கின்னு சொல்லுவாங்கல்ல, அது" என்றார் டாக்டர். "மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்குது. வெளியிலேருந்து வர்ற கிருமிய அடிக்க வேண்டிய உங்க ஒடம்பு, ஆள் தெரியாம அந்தச் சவ்வையே அடிக்குது. அதனாலதான் வீங்குது. அப்பிடியே வுட்டா எலும்பையும் அரிச்சிடும். உங்களுக்கு இன்னும் பெருசா அரிக்கல."

"அப்போ அந்தப் பொட்டலத்துல எப்பிடி நல்லாச்சு?"

"அதுல இருந்தது ஸ்டீராய்டு. வீக்கத்த அமுக்கும். ஆனா அளவு தெரியாம வருசக்கணக்குல சாப்ட்டா சர்க்கரை, எலும்பு, கண்ணு எல்லாத்தையும் கெடுக்கும். இப்ப அத திடீர்னு நிறுத்தவும் கூடாது. நான் கொஞ்சங் கொஞ்சமா கொறச்சித் தரேன்."

"இது குணமாவுமா?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "அடியோட போவாது. ஆனா அடக்கி வைக்கலாம். பத்து வருசம் கழிச்சும் நீங்க அச்சு வார்க்கலாம். மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது."

அந்த மாத்திரை மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடம்பில் கிருமி எளிதாகப் பிடித்துக்கொள்ளும், காய்ச்சலையும் சீழ் வைத்த புண்ணையும் சும்மா விடக் கூடாது. சம்சாத் பேகம் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். கம்பெனி லீவு, குமட்டினாலும் படுத்துக் கிடக்கலாம்.

ஒரு முறை ஆஸ்பத்திரி மாத்திரை தீர்ந்துபோய், ஊரில் ஒரு மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கினார். கடைக்காரர் கவரின் மேல் 'காலை 1' என்று எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரை போன சம்சாத் பேகம், கவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பி, இத மாத்தி எழுதுங்க."

"எல்லாத்துக்கும் அப்பிடித்தான் எழுதுவோம்க்கா."

"எல்லாத்துக்கும் எழுதுங்க. இதுக்கு எழுதாதீங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னு பெருசா போடுங்க. எனக்குத் தெரியும், நான் தப்பிச்சிக்குவேன். எனக்குப் பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியாம இருக்கலாம்ல?"

கடைக்காரர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ப் பெரியவரைக் கேட்டுவிட்டு வந்து, கவரை மாற்றி, சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடித்தது. முதல் மாதம் முழுக்கச் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது; ஒரு பயனும் தெரியவில்லை. இரண்டாம் மாதக் கடைசியில், கை இறுக்கம் பத்தரையிலிருந்து எட்டரைக்கு இறங்கியது. மூன்றாம் மாதம் விடியற்காலை பஜ்ரு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும்போதே விரல்கள் மடங்கின. கம்பெனியில் மறுபடி நூறு அச்சு தொட்டார். கோவிந்தராசுவிடம் பேசி இரண்டு காரியம் செய்ய வைத்தார். பெரிய அச்சை இனி ஒரே ஆள் தூக்கக் கூடாது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சாயங்காலம் தரையை வெறும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும். முதலாளி முதலில் முனகினார். சம்சாத் பேகம் தன் நெஞ்சு எக்ஸ்ரேவைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார்.

"இதுல ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்குதே சம்சாத்தும்மா" என்றார் கோவிந்தராசு.

"ஒண்ணுமில்லாம இருக்கும்போதே சொல்றேங்க. வந்தப்புறம் சொல்லி என்ன புண்ணியம்?"

நாலு வருடம் நன்றாகவே போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஈரல் சரியாக இருக்கிறதா, ரத்த அணுக்கள் குறையவில்லையா என்று டாக்டர் வெண்பா பார்ப்பார். எப்போதாவது கைகள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சம்சாத் பேகத்துக்கு அதன் போக்கு பழகிவிட்டது. அது எப்போதும் இரண்டு கையிலும் சேர்ந்தே வரும், மெதுவாக வரும், நாலு நாள் இருந்துவிட்டுப் போகும்.

2023 ஐப்பசியில் நல்ல மழை. கம்பெனி வாசலில் சேறு. அதில் கிடந்த உடைந்த ஜாடித் துண்டு ஒன்று அவர் வலது பாதத்தில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். நாலு நாளில் அங்கே சீழ் கட்டியது. டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதை அந்த ஒரு வாரம் மறந்துபோனது தன் தப்புதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

பத்தாம் நாள் விடியும்போது குளிர் தூக்கிப் போட்டது. வலது முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. இடது முட்டி சும்மா இருந்தது. கைகள் சும்மா இருந்தன.

பக்கத்துத் தெருவில் இருக்கும் சொர்ணாம்பாள், கம்பெனியில் ஜாடிகளுக்கு மெருகு பூசுகிறவர். போன் போட்டதும் ஓடி வந்தார். முட்டியைப் பார்த்துவிட்டு, "பழைய சரவாங்கிதான் திரும்பிடுச்சு பாயம்மா" என்றார்.

"அது இல்ல சொர்ணா. அத எனக்குத் தெரியும். இது வேற ஆளு."

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முதலில் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குத்தான் போனார்கள். டாக்டர் வயதானவர். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். முட்டியைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே சரவாங்கி இருக்குதே. அதுதான் கெளம்பியிருக்குது. முட்டியில ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா நாளைக்கே நடப்பீங்க" என்று சொல்லிக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டார்.

சம்சாத் பேகம் முட்டியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"சார், சரவாங்கியோட ஏழு வருசமா இருக்கறேன். அது வந்தா ரெண்டு பக்கமும் வரும். குளிர் ஜொரத்தோட, ஒரே நாள்ல, ஒரே முட்டில வந்ததில்ல. கால்ல சீழ் புடிச்ச புண்ணு வேற இருக்குது. மொதல்ல முட்டியிலேருந்து நீர் எடுத்துப் பாருங்க சார்."

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் சார் டாக்டரு. முட்டி என்னுது. உள்ள கிருமி இருந்து, அதுமேல ஸ்டீராய்டு போட்டா என்ன ஆவும்? கிருமி இல்லன்னு தெரிஞ்சா நீங்க சொல்ற ஊசிய நானே வந்து போட்டுக்கறேன்."

டாக்டர் பழைய சீட்டை மறுபடி புரட்டினார். "அதுக்கு இங்க வசதி இல்லம்மா" என்றார்.

"வசதி இருக்கற எடத்துக்கு எழுதிக் குடுங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். கோபத்தோடுதான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார்.

ஆட்டோவில் உட்கார்ந்தபடியே சம்சாத் பேகம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டார். டாக்டர் வெண்பாவே எடுத்தார். விவரத்தைக் கேட்டதும் அவர் குரல் வேகமாயிற்று.

"இங்க வர்றதுக்கு மூணு மணி நேரம் ஆவும். அத வீணாக்க வேணாம். உங்க ஊரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எலும்பு டாக்டர் இருப்பாங்க. ஒடனே அங்க போயி நீர் எடுக்கச் சொல்லுங்க. எடுத்தப்புறம் மருந்த ஆரம்பிச்சிட்டு இங்க அனுப்பட்டும். மெத்தோட்ரெக்சேட்ட இந்த வாரம் போடாதீங்க. சம்சாத்தும்மா, கிருமி உள்ள இருந்தா ஒவ்வொரு மணி நேரமும் குருத்தெலும்பு கரையும். பயப்படாதீங்க, ஆனா தாமதம் பண்ணாதீங்க."

அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டர் பெயர் கார்முகில். சட்டைக் கையை மடித்துவிட்ட, அதிகம் பேசாத மனிதர். புண்ணைப் பார்த்தார், முட்டியைத் தொட்டார், ஜுரம் பார்த்தார். நூற்றிரண்டரை.

"ஆன்டிபயாடிக் எதுனா போட்டீங்களா?"

"இல்ல சார்."

"நல்லது. அப்ப கிருமி தெளிவா தெரியும்."

முட்டியைச் சுற்றிப் பழுப்பு மருந்தால் துடைத்து, மரத்துப்போக ஒரு சின்ன ஊசி போட்டு, பிறகு பெரிய ஊசியை முட்டிச் சில்லுக்குப் பக்கத்தில் இறக்கினார். நல்ல மூட்டில் இருக்கும் நீர் சில சொட்டுதான், தெளிந்த மஞ்சளாக இருக்கும். அன்று சிரிஞ்சில் ஏறியது கலங்கிய பச்சை மஞ்சள், கஞ்சி மாதிரி கெட்டி. ஒரு சிரிஞ்சு நிறைந்து இரண்டாவதும் நிறைந்தது. சொர்ணாம்பாள் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார். சம்சாத் பேகம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீரை மூன்று குழாயில் பிரித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்று அணுக்களை எண்ண, ஒன்று சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க, ஒன்று கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகும் என்று கண்டுபிடிக்க. ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் கார்முகிலே நேரில் வந்தார்.

"நீங்க சொன்னது சரிங்கம்மா. கொத்துக் கொத்தா கிருமி இருக்குது. தோல்ல இருக்கற கிருமிதான். கால் புண்ணு வழியா ரத்தத்துல போயி முட்டியில ஒக்காந்திருக்குது."

சொர்ணாம்பாள் அழ ஆரம்பித்தார். "நீ அழுவாத சொர்ணா, எனக்குக் குடிக்கத் தண்ணி குடு" என்றார் சம்சாத் பேகம். அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன இருந்தது என்று பின்னால் கேட்டபோது, அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரியா சொன்னேன்னு ஒரு பக்கம் தெம்பு. நான் தப்பா இருந்திருக்கக் கூடாதான்னு ஒரு பக்கம் ஏக்கம்."

கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, 108 வண்டியில் புதுச்சேரி கிளம்பினார்கள். வடலூர் தாண்டும்போது தம்மாமிலிருந்து போன்.

"நான் கெளம்பி வரட்டுமா?" என்று கேட்டார் அப்துல் லத்தீப்.

"வந்து நீங்களா மச்சான் முட்டிய கழுவப் போறீங்க? டாக்டருங்க கழுவுவாங்க. நான் நடக்கப் பழகும்போது லீவு போட்டுக்கிட்டு வாங்க. அப்பத்தான் ஆளு வேணும்."

அன்று சாயங்காலமே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். முட்டியில் இரண்டு சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டு, லிட்டர் கணக்கில் உப்பு நீரைச் செலுத்திக் கழுவினார்கள். மூன்றாம் நாள், கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்ற முடிவு வந்தது. அதற்கேற்ப மருந்தை மாற்றினார்கள். இரண்டு வாரம் நரம்பு வழியாக, அதன் பிறகு நான்கு வாரம் மாத்திரையாக. ஜுரம் ஐந்தாம் நாள் விட்டது. முட்டி வீக்கம் வடிந்தது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. கிருமி முழுதாக ஒழியும் வரை மெத்தோட்ரெக்சேட் தரக் கூடாது. மாத்திரை நின்ற மூன்றாவது வாரம், நாலு வருடமாக அடங்கிக் கிடந்த சரவாங்கி இரண்டு கையிலும் எழுந்தது. வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்லியிருந்தார்கள். பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. தலை வார முடியவில்லை. நாஜியா கைக்குழந்தையோடு வந்து இருந்து, சோறு பிசைந்து ஊட்டிவிட்டாள்.

ஒரு மத்தியானம் மகளிடம் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொட்டலம் இப்பவும் அந்தக் கடையில குடுக்கறாங்களா?"

நாஜியா அதிர்ந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

"கேட்டேன், அவ்ளோதான். வாங்கிடாத. நானே கேட்டாலும் வாங்கிடாத" என்றார் சம்சாத் பேகம். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த ஒரு நாள்தான் அம்மா அழுததைத் தான் பார்த்ததாக நாஜியா சொல்கிறாள்.

மறுநாள் அவரே டாக்டர் வெண்பாவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னார். டாக்டர் கோபிக்கவில்லை. வலிக்கு மட்டும் ஒரு மாத்திரையை மாற்றித் தந்தார். ராத்திரியில் மணிக்கட்டு அசையாமல் இருக்க ஒரு பட்டை கட்டச் சொன்னார். "இன்னும் பதினெட்டு நாள் தாங்கிட்டீங்கன்னா ரெண்டுலயும் ஜெயிச்சோம்" என்றார்.

பதினெட்டாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமியின் அடையாளம் இல்லை, வீக்கத்தைக் காட்டும் அளவும் பெரிதும் இறங்கியிருந்தது. ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்சேட் மறுபடி தொடங்கியது. அந்த வாரமே அப்துல் லத்தீப்பும் வந்து சேர்ந்தார்.

அவர் விடுப்பு முழுக்க முட்டிக்கே போனது. கட்டிலில் உட்கார்ந்து, குதிகாலுக்குக் கீழே துண்டை வைத்து, காலைப் பின்னால் இழுக்க வேண்டும். லத்தீப் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்வார்.

"பதினஞ்சு. இன்னிக்குப் போதும், வுட்டுடு."

"டாக்டரு இருவதுன்னாங்க. லாரிய பாதி வழியிலயா நிறுத்துவீங்க? எண்ணுங்க."

தொடக்கத்தில் முப்பது டிகிரிதான் மடங்கியது. லத்தீப் திரும்ப விமானம் ஏறும்போது தொண்ணூற்றைந்து. கோடை வந்தபோது நூற்றுப் பத்து. அதற்கு மேல் ஏறவில்லை. தரையில் மண்டியிட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். அதைப் பற்றி அவருக்குக் குறை இல்லை. "உக்காந்து தொழறதுக்கு அல்லாஹ் எடம் குடுத்திருக்கான். கால எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்?" என்கிறார்.

சித்திரையில் கம்பெனிக்குத் திரும்பினார். கோவிந்தராசு அவருக்காக உயரமான ஸ்டூல் ஒன்று செய்து வைத்திருந்தார். முதல் மாதம் நாற்பது அச்சு, பிறகு அறுபது, இப்போது தொண்ணூறு.

அதற்குள் அவருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு பேர் கிடைத்துவிட்டது. யாருக்குக் கை கால் வலி என்றாலும் முதலில் சம்சாத் பேகத்திடம் வந்து காட்டினார்கள். அவர் மருந்து சொல்ல மாட்டார். ஒரு மூட்டா பல மூட்டா, ஒரு பக்கமா இரு பக்கமா, காலையில் எவ்வளவு நேரம், ஜுரம் உண்டா என்று கேட்பார். கேட்டுவிட்டு எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த நாள் போக வேண்டும் என்று சொல்வார். அப்படி அவர் சொல்லிப் போன ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்து, மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டது.

போன வருடம் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம். கோவிந்தராசு கறி விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலையில் ஒரே கணுக்கால் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. நொண்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்த முதலாளியை சம்சாத் பேகம் ஆபீசுக்குள் விடவில்லை.

"ஒரே மூட்டு, சூடு, செவப்பு. இது கிருமிதாங்க. இப்பவே கெளம்புங்க. ஒரு மணி நேரம் தாமதமானாலும் மூட்டு கரையும்."

கோவிந்தராசு வெளிறிப்போனார். காரை எடுக்கச் சொல்லி நேரே அரசு மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் கார்முகில் நீர் எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு கிருமி கூட இல்லை. ஊசி ஊசியாக உப்புப் படிகம் நிறைய இருந்தது. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வருகிற வீக்கம் அது. மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, கறியையும் குடியையும் குறைக்கச் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் கோவிந்தராசு வந்து எல்லார் முன்னாலும் கேட்டார். "கிருமின்னு சொல்லி என் உசுர பாதி எடுத்துட்டீங்களே சம்சாத்தும்மா! வெறும் உப்பாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சம்சாத் பேகம் அசரவில்லை, கையில் இருந்த அச்சையும் வைக்கவில்லை.

"கிருமியா உப்பான்னு வெளியிலேருந்து பாத்து டாக்டராலயே சொல்ல முடியாதுங்க. அதுக்குத்தான் ஊசி. நான் சொன்னது தப்பு, போகச் சொன்னது சரி. வலி கொறஞ்சிடுச்சா இல்லியா?"

"கொறஞ்சிடுச்சு."

"அப்ப போயி தண்ணி குடிங்க."

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, முதலாளியும் அவரும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். கோவிந்தராசுவுக்கு ஊசி என்றால் பயம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, சம்சாத் பேகம் அடுத்த வாரம் வார்க்க வேண்டிய ஜாடிகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார்.